படிக்கணக்கு

வால்பராய்சோவில் யாரும்
மீட்டரில் தூரம் சொல்வதில்லை.
மருந்துக்கடை எண்பது படி கீழே,
ரொட்டிக்கடை இருபத்தாறு,
என் வீடு
நூற்று அறுபத்திரண்டு படி மேலே.
எரிவாயு உருளையைத் தோளில் ஏற்றி
முப்பத்து மூன்று வருடம்
எண்ணிய கணக்கு இது.

அந்த நாளில்
இரும்புத்துண்டால் உருளையைத் தட்டுவேன்,
டண் டணக் டண்,
மலை முழுக்க ஜன்னல்கள் திறக்கும்.
இப்போது தட்டுவது முழங்கால்.
உட்கார்ந்து எழுந்தால்
சரளைக்கல் அரைபடும் சத்தம்,
ஒரு ஜன்னலும் திறப்பதில்லை.

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து
டாக்டர் சொன்னார்: தேய்மானம்.
டயர் கடைக்காரன் சொல்வதுபோல.
நான் குனிந்து
என் செருப்பைத் திருப்பிப் பார்த்தேன்.
அதுவும் உள்பக்கம்தான் தேய்ந்திருந்தது.

நகராட்சி சிகிச்சைக்கூடத்தில் ரயென்.
அவள் பாட்டன்மார் மொழியில்
அந்தப் பெயருக்குப் பூ என்று பொருளாம்.
பேச்சு மட்டும் பட்டாளம்.
முழங்காலைக் காட்டினால்
இடுப்பை அழுத்துகிறாள்,
தொடையைத் தட்டிப் பார்க்கிறாள்.
"மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும்
முடிச்சுப் போடாதே அம்மணி" என்றேன்.
என் தலையைப் பார்த்தாள்.
முழங்காலைப் பார்த்தாள்.
"இரண்டுக்கும் நடுவில்
நிறையப் பேர் சும்மா இருக்கிறார்கள்,
தோன் எலியோதோரோ.
அவர்களை வேலைக்கு அனுப்புவோம்."

நாற்காலி.
கைகளை மார்பில் கட்டி எழ வேண்டும்.
விழாமல், மெல்ல, உட்கார வேண்டும்.
"வலிக்கிறது."
"பத்துக்கு எத்தனை?"
"நாலு."
"நாலோடு குடித்தனம் நடத்தலாம்.
மறுநாள் காலையிலும் குறையாவிட்டால்
என்னிடம் வாருங்கள்."

முதல் வாரம் ஐந்து முறை எழுந்தேன்.
மூன்றாம் வாரம் எட்டு.
செப்டம்பர் விடுமுறையில்
மச்சான் வீட்டில் கைக்குட்டை வீசி
ஒரு குவெக்கா ஆடித் தொலைத்தேன்.
மறுபடி மூன்று.
சாண் ஏற முழம் சறுக்கியது,
அதுவும் முழங்காலிலேயே.
அவள் தந்த சிவப்பு ரப்பர் பட்டையை
அலமாரிக்குப் பின்னால் எறிந்தேன்.
ஓதிலியா அதை எடுத்து
பழைய பேப்பர் கட்டினாள்.
நான்கு நாள் அந்தக் கட்டைப் பார்த்துக்கொண்டே
சாப்பிட்டேன்.
ஐந்தாம் நாள் அவிழ்த்தேன்.

"தேய்ந்தது வளருமா?" என்று கேட்டதற்கு
ரயென் பொய் சொல்லவில்லை.
"வளராது" என்றாள்.
பிறகு என் தொடையில் விரலை ஊன்றி,
"இது வளரும்."

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை
மலையேறும் ரயில்பெட்டி
பாதிச் சரிவில் நின்றுவிட்டது.
வாசலில் அட்டை: பழுது.
என் கையில் இரண்டு கிலோ உருளைக்கிழங்கு,
மீன் வேறு, வெயில் வேறு.

ஏறும்போது நல்ல கால் முன்னே,
இறங்கும்போது கெட்ட கால் முன்னே.
பாடம் நினைவிருக்கிறது.
இரண்டில் எது நல்லது?
குனிந்து பார்த்தேன்,
இரண்டும் என்னையே பார்த்தன.
கொஞ்சம் குறைவாகக் கெட்டதை
முன்னே வைத்தேன்.

தொண்ணூற்று நாலாம் படியில் ஒரு திட்டு.
மஞ்சள் சுவர், ஒற்றைக்காது நாய்.
உட்கார்ந்தேன்.
உட்கார்ந்த இடம் நாற்காலி உயரம்தான் என்று
தொடைக்குத்தான் முதலில் தெரிந்தது.
கையைக் கட்டினேன்.
எழுந்தேன். உட்கார்ந்தேன்.
எழுந்தேன்.
மேலே ஒரு ஜன்னல் திறந்தது.
"எலியோதோரோ! யாருக்கு நேர்த்திக்கடன்?"
எதெல்மிரா.
அவளுக்கு எத்தனை உருளை சுமந்திருக்கிறேன்.
"என் தொடைக்கு!" என்றேன்.
பத்து முடிந்ததும்
நாய் மீன்பையில் மூக்கை நுழைத்தது,
அதனால் பதினொன்று.

வீட்டு வாசலில்
கணக்கு நூற்று அறுபத்து மூன்று.
ஒன்று அதிகம்.
எவனும் புதுப்படி கட்டவில்லை.
சுமையோடு வந்த காலத்தில்
கடைசி இரண்டையும்
ஒரே தாவில் தாவியிருக்கிறேன் போல,
முப்பத்து மூன்று வருடமும்.

ஓதிலியா கதவைத் திறந்து
"எத்தனை?" என்றாள்.
படியைக் கேட்கிறாளா, வலியையா?
"அஞ்சு" என்றேன்.
காலையில் பார்க்கலாம்.